நான்கு டாலர் அறுபத்தைந்து சென்ட்

தண்டர் பே வீட்டுச் சாவியைக்
கதவிடுக்கில் போட்டோம்.
உள்ளே, காலித் தரையில், விழுந்த சத்தம்.
"அட்வான்ஸ் திரும்ப வருமாடி?" என்றாள் பெனிட்டா.
விடைபெறுவதற்கு அவளிடம் வேறு சொல் இல்லை.

நான்கு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர்,
ஐந்து டாலருக்கும் போகாத மேசை விளக்கு.
இரண்டு வருடப் படிப்பு
ஒரு பழைய கொரோலாவுக்குள் அடங்கிவிட்டது.
பின்கதவைத்தான் இரண்டுமுறை அறைய வேண்டியிருந்தது.

வலப்பக்கம் முழுக்க ஏரி.
தூத்துக்குடிக்காரியிடம் அதை ஏரி என்றால்
வழக்கமாகச் சண்டைக்கு வருவாள்:
மறுகரை தெரியுதா? தெரியலல்ல? அப்ப கடல்.
உப்பில்லையே என்பேன்.
அது அதோட குறை என்பாள்.
அன்று நான் வேண்டுமென்றே
"ஏரியப் பாரேன்" என்றேன்.
பார்த்தாள். அவ்வளவுதான்.
ஏப்ரல் கடைசி. கரையோரம் பனிப்பாளங்கள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன,
யாரோ பாதியில் விட்டுப்போன கட்டடவேலை மாதிரி.

மாரத்தான் ஊர் தாண்டியதும் சிக்னல் போயிற்று.
பாட்டும் நின்றது.
டயர் சத்தம் மட்டும்.
அப்போதுதான் கேட்டாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி:
"சூ ஆஸ்பத்திரி லேபுக்கு
நீயும் அப்ளை பண்ணினேன்னு
ஏன் எங்கிட்ட சொல்லல?"

மழை இல்லை. வைப்பரைப் போட்டேன்.
வறண்ட கண்ணாடியில் அது முனகியது. நிறுத்தினேன்.
சொல்லியிருக்கலாம்:
விளம்பரத்தை முதலில் காட்டியவளே நீதான், அதனால்தான் என்று.
உனக்குக் கிடைக்கும் என்றே நம்பினேன் என்று.
இரண்டும் உண்மை.
இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பொய்யாகிவிடும்.

ஒயிட் ரிவருக்கு முன்னால்
சரக்கு ரயில் ஒன்று குறுக்கே வந்தது.
எஞ்சினை அணைத்தேன்.
மரம், எண்ணெய், பூட்டிய பெட்டிகள், மறுபடி மரம்.
முடிகிற மாதிரி தெரியவில்லை.
பேசாமலிருக்க எண்ணத் தொடங்கினேன்.
அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது.
கடைசிப் பெட்டி போனதும்
"நூற்றிப் பதினேழு" என்றேன்.
"நூற்றிப் பத்தொம்பது.
நீ லேப்லயும் இப்படித்தான்,
எப்பவும் ரெண்டு விட்டுருவ.
உன்னப் போய் எடுத்திருக்கானுங்க பாரு."
சிரித்தாள்.
அது மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை.
பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

வாவாவில் இரவு.
விடுதிக் குளியலறையில் குக்கரைச் செருகி
சோறு வடித்தோம். பருப்புப்பொடி, நல்லெண்ணெய்,
தட்டுக்குப் பதில் பெட்டியின் மூடி.
அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி
பெரிய பங்கை என் பக்கம் தள்ளினாள்.
பிறகு விளக்கணைத்தும் வெகுநேரம்
இரண்டு பேரும் தூங்குவதாக நடித்தோம்.
இரண்டு பேருக்குமே அது சரியாக வரவில்லை.

மறுநாள் நண்பகல், சூவின் சின்ன விமான நிலையம்.
அவளுக்கு டொராண்டோ, தோஹா, சென்னை.
எனக்கு இங்கிருந்து இருபது நிமிடத்தில்
அவள் கேட்ட வேலை.
விளக்கை என் கையில் திணித்தாள்.
செலவுக் கணக்கு வைக்கும் செயலியைத் திறந்து காட்டினாள்:
காஸ், பால், வாடகை, நெட், பனிவாரும் மண்வெட்டி
எல்லாம் கழித்து
நான் தரவேண்டியது நான்கு டாலர் அறுபத்தைந்து சென்ட்.
"கணக்க முடிச்சுரு" என்றாள்.
சரி என்றேன். முடிக்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி
தூத்துக்குடியிலிருந்து
நினைவூட்டல் பொத்தானை அழுத்துகிறாள்.
செய்தி ஒன்றும் இருக்காது,
என் பெயர், அந்தத் தொகை, ஒரு மணிச் சின்னம்.
லேபில் கையுறையோடு இருப்பேன்;
முழங்கையால் போனைத் திருப்பிப் பார்ப்பேன்.

போன மாதம் வரவில்லை.
மூன்றாம் தேதிவரை பொறுத்தேன்.
பிறகு நானே ஒரு செலவை ஏற்றினேன்:
காபி, இரண்டு.
நாங்கள் குடிக்காத காபி.
பாதிப் பாதி.