சதுர உதடு

அலபாமா, டெல்ஃபா ஏரி. மார்ச் இரண்டாம் சனி.
இரவெல்லாம் பெய்த மழையில்
பால் குறைத்த காபி நிறத்தில் தண்ணீர்.
படகு தர்லோ பீஸ்லியுடையது.
சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்த ஜோடி.
ஒரே படகு, தனித்தனி எடை.
"என்ன வேலை?" என்றார்.
"பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பெயர் வெர்னெல்."
அதற்குப் பிறகு இருபது நிமிடம்
எஞ்சின்தான் பேசியது.

பெட்டியைத் திறக்கிறேன்.
அறைக்கு ஒன்றாய்ப் பதினொரு பொய்மீன்கள்.
நீண்ட உதடுள்ளவை ஆழத்துக்குப் போகிறவை,
அவை இன்று தூங்கட்டும்.
எங்களுக்குக் கீழே மூன்றடிகூட இல்லை.
எனக்கு வேண்டியது குட்டை உதடு, சதுர உதடு:
கட்டையில் போய் முட்டி
ஒருக்களித்துப் புரண்டு
கொக்கி மாட்டாமல் தாண்டி வருகிற ரகம்.

நிறம்?
கலங்கலுக்கு எலுமிச்சைப் பச்சை என்பார்கள்,
முதுகில் ஒரு கறுப்புக் கோடு.
நான் எடுத்தது செங்கல் சிவப்பு.
சேற்றிறால்கள் வளைவிட்டு வெளியே வரும் வாரம் இது.
சட்டென்று தோன்றியது என்று பொய் சொல்லமாட்டேன்.
ஐந்து நாள் யோசித்தேன்,
ஒவ்வொரு சிக்னலிலும்,
முதுகுக்குப் பின்னால் நாற்பத்து நான்கு பிள்ளைகள் கத்த.

காதோரம் குலுக்கினால் சத்தமில்லை. பால்சா மரம்.
வயிற்றில் குண்டு உருளும் பிளாஸ்டிக்கை
இந்த ஏரி மீன்கள்
போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டன.

முன்னால் நிற்பவருக்குப் புதுத்தண்ணீர்.
பின்னால் நிற்பவளுக்கு
அவர் கலக்கிவிட்டுப் போன மிச்சம்.
ஒன்பதரை வரை எனக்கு
ஒரு சுள்ளி, ஒரு பீர் டப்பா,
உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி.

பிறகு ஒரு பாறை.
முட்டிய வேகத்தில்
மூக்கிலிருந்த கம்பிக்கண்ணி கோணிவிட்டது.
அடுத்த வீச்சில் மீன்
நேரே வராமல் இடப்பக்கமே ஒதுங்கியது,
கடன்காரனைக் கண்டவன் சந்துக்குள் நழுவுகிற மாதிரி.
கண்ணியை மறுபக்கம் மயிரிழை வளைத்தால் சரியாகிவிடும்.
குறடை எடுத்தேன்.

எடுத்த கை நின்றது.

இடப்பக்கம் யாருடைய வீட்டுப் படகுத்துறையோ.
பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருட்டு.
தர்லோ அதன் ஓரமாகவே பன்னிரண்டு முறை வீசியிருந்தார்.
அவருடையது ஒழுக்கமான மீன்,
விளிம்போடு நேராய் வந்து
நேராய்ப் படகேறியது.

குறடைக் கீழே வைத்தேன்.
வீசினேன்.
கோணல்மீன் துடித்துக்கொண்டே
பலகைக்கு அடியில் நுழைந்தது.
தூணில் மோதியது.
கைப்பிடிவரை வந்தது அந்த 'டொக்'.
ரீலை நிறுத்தினேன்.
மரம் அல்லவா, மெல்ல மேலே மிதந்திருக்கும்.
ஒன்று.
இரண்

தங்கூசி பக்கவாட்டில் நடந்தது.

என் கோல் கண்ணாடி நார், சோம்பேறி.
கவ்வியபின் ஒரு நொடி தாமதித்துத்தான் வளையும்.
அந்த ஒரு நொடியில்
மூன்றுமுள் கொக்கி தன் வேலையை முடித்துவிடும்.

கேட்காமலே வலையோடு வந்தார் தர்லோ.
ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்.
வாய் மட்டும் என் முஷ்டி அளவு.
"என்ன நிறம்?" என்றார்.
"சிவப்பு."
உண்மைதான். முழுசாக இல்லை.
அவர் குனிந்து தன் பெட்டியில்
சிவப்பைத் தேடி எடுத்து முடிந்தார்.
மதியம் மூன்று வரை
துறை துறையாய், ஓரம் ஓரமாய்
நேராக வீசிக்கொண்டிருந்தார்.
இரண்டு முறை வாயெடுத்தேன்.
இரண்டு முறையும் சாண்ட்விச் கடித்தேன்.

எனக்கு நான்காமிடம், தொண்ணூறு டாலர்.
அவர் பெயர் பலகையில் இல்லை.
டிரெய்லரில் படகைக் கட்டும்போது கையை நீட்டினார்:
"அதைக் காட்டு."
பின்விளக்கின் வெளிச்சத்தில்
அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார்.
கட்டைவிரல் கண்ணியில் போய் நின்றது.
என்னைப் பார்த்தார்.
காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

"பேருந்தையும் இப்படித்தான் ஓட்டுவாயா?"

"அது நேராகத்தான் போகும்" என்றேன்.
"அதில் மீன் ஏறுவதில்லை."