வெளிச்சம் கூட்ட வேண்டாம்

பொன்விழா மலருக்கு
ஒரு பக்கத்துக்கு மிகாமல், கூடவே ஒரு புகைப்படம் என்று
கல்லூரியிலிருந்து கடிதம்.
தலைப்பையும் அவர்களே போட்டுவிட்டார்கள்:
‘மூன்றாம் மணி நாடகக் குழு விட்டுச் சென்றது’.

விட்டுச் சென்றது என்றால், முதலில்
தோட்டப்பாளையம் வங்கியில் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும்.
ஒன்று என்னுடையது.
ஒன்று துபாயில் கிடங்குக் கணக்கு எழுதுகிறது.
எப்சிபா, பாலாற்றங்கரைக் கல்லறையில், ஒன்பது வருடமாக.

பிறகு அந்த பான்கேக் டப்பா.
எண்பத்தேழு மார்ச், ஆண்டு விழா.
ஏகவள்ளிதான் பாஞ்சாலி என்றோம்.
விழாக் குழுத் தலைவர் அவள் முகத்தைப் பார்க்காமல்
டப்பாவைப் பார்த்தார்.
“இது பத்தாதுப்பா. தோழி வேஷம் குடுங்க.”

ஏகவள்ளிக்கு அணைக்கட்டுப் பக்கம்.
வருடா வருடம் பதினெட்டு நாளும்
கூத்துக் களத்தில் கண்விழித்தவள்.
“பாஞ்சாலிக்கு இன்னொரு பேரு கிருஷ்ணை சார்.
கிருஷ்ணைன்னா கறுப்பி.
உங்க டப்பாவுல கீறவ யாரு?”
டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு
மேடையிலிருந்து இறங்கிவிட்டாள்.
பின்னாலேயே பதினோரு பேர்.

சைக்கிள் கொட்டகையில் ஆடினோம்.
தஸ்தகீர் மேல்விஷாரத்திலிருந்து
சித்தப்பாவின் கல்யாண விளக்கு இரண்டைக் கொண்டுவருவான்;
உருதுவில் எண்ணித் தமிழில் அணைப்பான்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டிலிருந்து நேரே வரும் மாசிலாமணிக்கு
விடுதியில் தனிப் பாய்.
இங்கே அவன் தருமன்.
சூதில் தோற்று அவன் தலை நிமிரும்வரை
முன் வரிசை மூக்கைப் பொத்தியிருந்தது.
கையை எப்போது எடுத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

கன்னியப்பனைச் சொல்ல வேண்டும்.
சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில்
‘இருளன்னா ஒரு பாம்பு பிடிச்சிக் காட்டு’ என்றார்களாம்.
அதையே காட்சி ஆக்கினான்.
ஒவ்வொரு இரவும் வேறு பாம்பு.
இல்லாத பாம்பைப் பிடித்து, வாலை நீவி
என் மேசைமேல் வைப்பான்.
குமாஸ்தாவாக நடித்த எனக்கு நிஜமாகவே வியர்க்கும்.

எங்களுக்கு விதி ஒன்றுதான்:
பவுடர் கிடையாது.

புகைப்படம் கேட்டிருக்கிறீர்கள்.
கோட்டைப் பக்கத்து ஸ்டூடியோக்காரர் எடுத்தார், ஒரே ஒரு ரோல்.
கழுவி வந்ததும் நீட்டத் தயங்கினார்.
வேட்டிகள் விழுந்திருந்தன. பற்கள் விழுந்திருந்தன.
ஏகவள்ளியின் மூக்குத்தி ஒரு புள்ளி.
முகம் ஒன்றுகூட விழவில்லை.
“உங்க ஆளுங்களுக்குத் தனியா மீட்டர் வெக்கணும் தம்பி.”
பாதிக் காசுதான் வாங்கினார், நல்ல மனிதர்.

போன மாதம் இப்போதைய பிள்ளைகள் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள்.
கொட்டகை இருந்த இடத்தில் பேராசிரியர்களின் கார்கள்.
கார்களுக்கு நடுவே ஆடுகிறார்கள்.
எவரோ ஒருவர் ஹெட்லைட்டைப் போட்டுத் தருகிறார்.
குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீட்டுப் பெண், அஞ்சுகம்,
படத்தைப் போனில் பிடித்து
வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள்.
சாம்பல்தான் பொங்கிற்று. முகம் ஆகவில்லை.
பழையபடியே வைத்துவிட்டு,
“எட்டாவது ஆளு நீங்களா சார்?”
இருக்கலாம். கன்னியப்பனாகவும் இருக்கலாம்.

விதியை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் முகத்துக்குக் கரி பூச ஆரம்பித்தாள்,
இருக்கிற கறுப்புக்கு மேல் இன்னும் ஒரு கறுப்பு.
“கடைசியில குந்திகினு கீறவங்களுக்கும் தெரியணும்ல.”
எனக்கு இது தோன்றியதே இல்லை.

டப்பா என் வீட்டில்தான் இருக்கிறது.
ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

மலர்க் குழுவுக்கு:
படம் இணைத்திருக்கிறேன். அச்சகத்தில் சொல்லிவிடுங்கள்,
வெளிச்சம் கூட்ட வேண்டாம்.
கீழே பெயர்களைப் பெரிதாகப் போடுங்கள்.
எப்சிபாவுக்கு இரண்டாவது எழுத்து ‘ப்’.
அதை விட்டுவிடாதீர்கள்.
கல்லறையில் விட்டுவிட்டார்கள்.