விருந்தினருக்கான குறிப்புகள்

ஃபிரிட்ஜ் கதவில் துவார்த்தே ஒட்டிய தாள்
நான்கு வருடமாகத் தொங்குகிறது:
வெந்நீர்க் குழாயை இடப்பக்கம் திருப்பி
இரண்டு நிமிடம் பொறுக்கவும்.
லிஃப்ட் நின்றால் பதற வேண்டாம், உதைக்கவும்.
இந்த ஊரில் மேலே என்றால் மலைப் பக்கம்,
கீழே என்றால் மற்றதெல்லாம்.
சாவி எதிர்வீட்டு ரௌஷானிடம்.

அல்மாத்திக்கு விமானங்கள்
திருடர்களைப் போல விடிகாலை மூன்றுக்கு வரும்.
நாங்களும் அப்படித்தான்.
அவன் கோஸ்தனாய்க் கோதுமைக் கிடங்குகளின்
ஈரம் அளந்துவிட்டு வருவான்,
காதுமடலில் தானியத் தூசியோடு.
நான் ஓஷ் நகரத்துச் செவிலியருக்கு
டயாலிசிஸ் இயந்திரம் பழக்கிவிட்டு வருவேன்.
இருவருக்கும் ஒரே கடையில் வாங்கிய கறுப்புப் பெட்டி.
ஒருமுறை மாறிப்போய்
ஓஷ் விடுதியில் நான் திறந்தபோது
ஈரமானி ஒன்று, சாக்குமூட்டை குத்தும் ஊசி நான்கு.
மைனஸ் முப்பதில் அவன்
என் காலுறையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
கிடங்கு கிடங்காக ஏறியிருக்கிறான்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

இதற்கு நடுவே ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.
போர்த்தோவிலிருந்து மாமியார் இடாலினா,
ஸ்வெட்டரில் சுற்றிய கருவாட்டோடு.
சுங்க அதிகாரி ஒருமுறை முகர்ந்துவிட்டுப்
போகச் சொல்லிவிட்டாராம்.
விருந்தாளியும் மீனும் மூன்று நாள் என்பது
எங்கள் ஊர்க் கணக்கு.
உப்பு போட்டதற்கு அது செல்லாது என்றார்.
முப்பது நாள் இருந்தார்.

பிறகு கிராசா, அவள் புதுக் கணவன்,
அவனுடைய பழைய முழங்கால் வலி.
பிறகு துவார்த்தேயின் பள்ளித் தோழனுக்கு மைத்துனர்,
பெயர் கடைசிவரை பிடிபடவில்லை,
சைக்கிளோடு வந்து சைக்கிளோடு போனார்.
எல்லோரையும் மெதேவுக்குக் கூட்டிப்போனோம்.
அணைக்கு ஏறும் அதே படிக்கட்டில்
அதே இடத்தில் மூச்சு வாங்குவதுபோல் நின்று
அதே நகைச்சுவையைச் சொல்வான் துவார்த்தே.
நான் அதே இடத்தில் சிரிப்பேன்.
ஏழாவது தடவை நிஜமாகவே மூச்சு வாங்கியது.

கிராசா இரண்டாம் முறை வந்தபோது
வீட்டில் நாங்கள் இல்லை.
அவனைப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது,
என்னை ஒரு முத்திரை இல்லாத காகிதம்.
நாலாம் நாள் நான் கதவைத் தள்ளினால்
கரண்டிகள் வேறு இழுப்பறையில்,
ஜன்னல் திரை துவைத்து மாட்டியிருந்தது.
ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல்
கிராசாவும் ரௌஷானும்
கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
எதற்கென்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.
ரௌஷான் எனக்குத் தேநீர் ஊற்றினாள், கிண்ணத்தில் பாதி.
பாதி என்றால் உட்கார், இன்னும் ஊற்றுவேன்.
முழுதாக ஊற்றினால் கிளம்பலாம்.
என் சமையலறையில்
கைப்பையை மடியில் வைத்தபடி குடித்தேன்.

போன சனிக்கிழமை யாரும் வரவில்லை.
எங்களிடமும் டிக்கெட் இல்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
நாமே வருவோமா என்றான்.
பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கி,
மரத்தடியில் ஒரு சிகரெட் நேரம் நின்று, திரும்ப ஏறி,
ரௌஷானிடம் சாவி கேட்டோம்.
முகம் மாறாமல் எடுத்துக் கொடுத்தாள்.
தாளைப் படித்தோம், படித்தபடி நடந்தோம்.
வெந்நீருக்கு இரண்டு நிமிடம் போதாது, ஐந்து.
இரவு விருந்தினர் சோபாவில் படுத்தோம்.

நடுவில் ஓர் இரும்புக் கம்பி.
எந்தப் பக்கம் புரண்டாலும்
தண்டவாளம்போல் முதுகில் ஓடியது.
நான்கு வருடம், பத்தொன்பது பேர்.
காலையில் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்:
அருமையான தூக்கம்.
இடாலினா அதை முப்பது தடவை சொன்னார்.
இருட்டில் துவார்த்தே சிரிக்கத் தொடங்கினான்,
பிறகு நெடுநேரம் சும்மா கிடந்தான்.
முழங்கால் வலிக்காரன்கூடச் சொல்லவில்லையே என்றான்.

வியாழக்கிழமை தெல்மு வருகிறான், மனைவி குழந்தையோடு.
புது சோபா வாங்க நேரமில்லை.
தாளின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறது:
சுவர்ப் பக்கமாகப் படுக்கவும்.
அவர்கள் இறங்கும் அதே மூன்று மணிக்கு
எனக்கு ஓஷ் விமானம்.