அரை மில்லிமீட்டர்

பூட்ஸ் தந்தார்கள், ஒரு சைஸ் பெரிது.
எனக்கு முன் இருந்த போர்ச்சுகல்காரி
ஈரம் போகத் திணித்த செய்தித்தாள்
இடது காலின் நுனியில் இன்னும் உருண்டையாக.

என் வேலை ஊதுவது.
சதுப்பில் நட்டிருக்கும் நாற்பது குழாய்களுக்குள்
ஒவ்வொன்றாக ஒரு மெல்லிய குழலை இறக்கி
ஊதிக்கொண்டே இருக்கவேண்டும்,
உள்ளே எங்கோ களகளவென்று கேட்கும்வரை.
கேட்ட இடத்தில் விரலை வைத்து, அளந்து,
நனையாத நோட்டில் எழுதவேண்டும்.
முப்பத்தொன்று. முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு.
தரைக்கு இத்தனை சென்டிமீட்டர் கீழே தண்ணீர்.

ஊதுவதற்குக் கொடுப்பதுதான் ஊதியம் என்று
நாலாவது குழாயருகே தனியாகச் சிரித்தேன்.
சொல்லிக்காட்ட ஆளில்லை.
மொழிபெயர்த்தால் வெறும் காற்று.
தவிர, ஒப்பந்தத்தில் அது ஊதியமும் இல்லை,
உதவித்தொகை. வாடகை போக
கறுப்பு ரொட்டிக்கும் புளித்த பாலுக்கும்
பார்னு போகும் பஸ்ஸுக்கும் சரியாய்ப் போகும்.

அறை மாரிக்காவின் மகனுடையது.
அவன் ஹெல்சிங்கியில் சாரம் கட்டுகிறான்.
அவன் விட்டுப்போன கட்டிலில் நான்.
அவன் அங்கே எவன் கட்டிலிலோ.

மாரிக்கா இருபத்திரண்டு வருடம்
இதே சதுப்பில் கரிமண் உறிஞ்சும் வண்டி ஓட்டியவள்.
எந்தெந்த நாட்டுப் பூந்தொட்டிகளுக்கோ
மூட்டை மூட்டையாகப் போனதாம்.
கம்பெனி மூடியது.
அன்று வெட்டிய வடிகால்களை
இன்று மண்வாரி ஓட்டி அடைக்கிறாள்.
"நான் உறிஞ்சினேன், நீ ஊதுகிறாய்" என்பாள்,
"இருவருக்கும் மூச்சுதான் வாங்குகிறது."

மே மாதம் ஊர்க்கூட்டம்.
சதுப்போரத்து ஹெல்துர் எழுந்து
என்னைப் பார்த்து நெடுநேரம் பேசினார்.
மாரிக்கா காதருகே குனிந்து
"உனக்கு இங்கே குளிரவில்லையா என்கிறார்" என்றாள்.
இவ்வளவு நேரமா குளிரைப் பற்றி?
"பழகிவிட்டது" என்றேன்.
அவள் ஏதோ சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.
ஹெல்துர் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜூலையில், சேற்றுப் பழம் பறிக்கும்போது,
வாளியைப் பார்த்தபடி சொன்னாள்:
"அன்று அவர் கேட்டது குளிர் இல்லை.
தண்ணீர் என் நிலவறைக்கு வந்துவிட்டது,
இந்தப் பெண் செப்டம்பரில் போய்விடுவாள்,
பிறகு நான் யாரைக் கூப்பிடுவது என்றார்."

நானோ, பழகிவிட்டது என்றிருக்கிறேன்.

"உன் பதிலையும் நான்தான் மொழிபெயர்த்தேன்,"
பழத்தில் ஒட்டிய இலையை ஊதித் தள்ளினாள்,
"நன்றாகவே சொன்னாய்."
என்ன சொன்னேன் என்று
இரண்டு முறை கேட்டேன். வாளி நிறைந்துவிட்டது.

மறுநாள் தனியாகப் போனேன்.
கதவைத் திறந்தவர் என் பூட்ஸைத்தான் முதலில் பார்த்தார்.
நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிகள்
செங்கல் மேல் நின்றன.
குழலுக்கு வேலையில்லை.
ஹெல்துர் டார்ச் பிடிக்க, நாடாவை இறக்கினேன்.
ஒன்பது.
நோட்டில் தரைக்குக் கீழே என்பதற்கு மட்டும்தான் கட்டம்.
யோசித்து, முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன்.
அது என்ன கோடு என்று விரலால் கேட்டார்.
எனக்குத் தெரிந்த அவர் மொழியில்
"தண்ணீர். மேலே" என்றேன்.
"தெரியும்" என்றார்.
இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

கடைசி வாரம் இந்த்ரெக், அலுவலகத்தில்,
சான்றிதழை நீட்டிக்கொண்டே கணக்குச் சொன்னார்:
எல்லாம் சரியாக நடந்தால் கரிமண்
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேரும்.
ஆறு மாதம் இருந்திருக்கிறேன்.
கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும்
அவ்வளவுக்கு நெருக்கிப் பார்த்தேன்,
நடுவில் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் தெரிந்தது.

பூட்ஸுக்குள் தாள் திணித்தேன், இரண்டு காலிலும்.
குழாய்ப் பட்டியலின் அடியில்
நாற்பத்தொன்று என்று புதிதாக ஒரு வரி:
இங்கே ஊதவேண்டாம். கதவைத் தட்டவும்.