தணிக்கைக் குறிப்பு எண் பதினேழு

சாயா நாற்பத்திரண்டு,
உழுந்தவடை நாற்பத்திரண்டு,
பழம்பொரிதான் வேணும் என்றவர்கள் ஆறு பேர்.
ஜீப்புக்கு டீசல் பன்னிரண்டு லிட்டர்.
ஆக மொத்தம் ரூபாய் இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
சமாதானக் கூட்டம்,
தாலுகா ஆபீஸ், குழித்துறை.

'இச்செலவினால் அடைந்த பயன் யாது?'
நெல்லையிலிருந்து வந்த தணிக்கையாளர்
சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்.

பயன்:
சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலம்
குருசடியைத் தாண்டிப் போயிற்று.
சிங்காரிமேளம் அந்த நூறடிக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டது.
ரோட்டின் இரண்டு பக்கமும்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள்
முறைத்தபடி நின்றார்கள்.
மழை வந்தது.
வீட்டுக்குப் போனார்கள்.

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில்
இந்த நாற்காலிக்கு வந்தவன் நான்.
அதற்கு முன் பதினான்கு மாதம்
நீலத் தொப்பி போட்டிருந்தேன்,
நைல் நதி நடக்க மறந்து
சதுப்பாகிப் படுத்துவிட்ட ஓரிடத்தில்.
துப்பாக்கி தூக்கியது குறைவு.
டீசல் பதிவேடுதான் என் வேலை.

வேலியில் நான்கு விளக்குகள்.
வேலிக்கு வெளியே ஓர் அடிபம்பு.
ஒருவர் மாட்டை ஒருவர் ஓட்டிப்போகும்
இரண்டு கூட்டத்துக்கும் அது ஒன்றுதான்.
பகலில் பம்பு ஆண்களுடையது.
ராத்திரி பெண்கள் வருவார்கள்,
மஞ்சள் கேன்களோடு,
இரண்டு கூட்டத்துப் பெண்களும்.
வெளிச்சம் எட்டிய தூரம்வரை
சண்டை எட்டவில்லை.
ஏனென்று கேட்டால் எனக்கும் தெரியாது.

பிறகு எந்த நாடோ பாக்கி வைத்தது.
எங்கோ குளிரூட்டிய கூடத்தில் கைகள் உயர்ந்தன,
கால் பங்கு குறைந்தது.
எங்களிடம் வந்துசேர்ந்தபோது
அது ஒற்றை வரி:
இரவு பத்துக்குமேல் ஜெனரேட்டர் ஓடாது.

மிச்சம் நாற்பது லிட்டர் என்று
முதல் நாள் எழுதினேன்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

பதினோராம் நாள் காலையில்
பம்படியில் கேன்கள் கிடந்தன.
ஒன்பது.
இரண்டில் தண்ணீர் நிறைந்திருந்தது,
மூடிகூடப் போட்டிருந்தது.
மொழிபெயர்ப்பாளன் மாபியோர்
குனிந்து எண்ணினான்,
திரும்பவும் எண்ணினான்,
தெரிந்த நான்கு மொழியில் ஒன்றிலும்
எதுவும் சொல்லவில்லை.

அன்றைய பதிவு:
மிச்சம் நானூறு லிட்டர்.
கூட்டல் சரியாக இருந்தது.
ஒருவரும் ஆட்சேபணை எழுப்பவில்லை.

எனக்கும் படி வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.
மார்த்தாண்டத்தில் மூன்றரை சென்ட்
அந்தப் பணம்தான்.
கிணறு வெட்டினோம். இருபத்தெட்டு அடியில் தண்ணீர்.
ராத்திரி அந்தப் பக்கம் ஒரு பல்பு
எரிந்துகொண்டே இருக்கும்.
கரண்ட் பில்லைக் காட்டி வீட்டுக்காரி ஏசுவாள்.

தணிக்கையாளர் கெட்டவர் இல்லை.
ஊரார் காசுக்குக் காவல் நிற்கிற மனுஷன்.
மத்தியானம் பொன்னையன் கடையில்
சாளைக் குழம்பை இரண்டாம் தடவையும் வாங்கி
'நல்லா இருக்கு' என்றவர்.
அவரிடம் எப்படிச் சொல்ல,
ஆகாமல் போனதற்கு வவுச்சர் கிடையாது,
ஆனதற்குத்தான்
எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று?

பதில் எழுதினேன்:
'மேற்படி நாளில் சம்பவம் ஏதும் இல்லை.'
சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றினார்.
'ஆதாரம் இணைக்கணுமே, ஓய்.'

சாயங்காலம் பாலத்தில் நின்றேன்.
தாமிரபரணி கலங்கி ஓடியது.
பொன்னையன் சைக்கிளை நிறுத்தினான்.
'சாரே, அந்த நாப்பத்திரெண்டு சாயா?'
'வரும்.'
'எப்ப வரும்?'
'மேலேயிருந்து வரணும்.'
அவன் வானத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

ஐப்பசியில் குருசடிக்காரர்களின் தேர்.
அதே ரோடு, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக.
கூட்டம் போடத்தான் வேண்டும்,
ஆனால் சாயா மட்டும் போதும் என்கிறார் தாசில்தார்.

பதிவேட்டைத் திறக்கிறேன்.
பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.
மிச்சம்:
வடை நாற்பத்திரண்டு.