குடும்பத்துக்கு ஒருவர்

டேனரி ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன்.
அரசாங்கப் படிவம் எதுவானாலும் முப்பது ரூபாய்.

விதான சௌதாவில் கைகள் உயர்ந்த மறுவாரம்
சிறுபான்மையினர் ஸ்காலர்ஷிப் பக்கத்தில்
கன்னடத்தில் ஒரு வரி கூடியிருந்தது:
குடும்பத்துக்கு ஒருவர் மட்டும்.

ஒரே ஸ்டூலில் பாதிப் பாதியாக
சபூராவும் தங்கை நிலோஃபரும்.
போன வருஷம் இரண்டு பேருக்கும் நான்தான் நிரப்பினேன்.
கவர் ஒட்டும் கம்பெனியில் அவர்கள் வாப்பாவுக்கு என்ன சம்பளமென்று
கேட்காமலே தட்டுவேன்.

'பேரு?' என்றேன்.
அக்கா தங்கை பெயரைச் சொன்னாள்.
தங்கை குறுக்கே கையை நீட்டி
ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

'இவளுக்கு இன்னும் ஒரே வருஷம். முடிக்கட்டும்.'
'உன் நர்சிங் ஃபீசை யாருடி கட்டுவா?'

வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
பெயர்க் கட்டத்துக்குள்
அந்தச் சின்னக் கோடு மட்டும்
நின்று நின்று துடித்தது.

யாரும் எதையும் தட்டவில்லை என்று
கொஞ்ச நேரத்தில் தளமே எங்களை வெளியே தள்ளியது.

மறுபடி நுழைந்தேன்.
அதே முதல் கேள்வி.
இந்த முறை இருவரும் வாய் திறக்கவில்லை.
என் விரல்களையே பார்த்தார்கள்.