பாக்கி ஆயிரத்து எழுநூற்று நாற்பது

மைக் செட் கணக்கு நோட்டில் முதல் வரி:
"மூணாம் ஷிப்டு கோஷ்டி, ஏகாம்பரகுப்பம்.
ஆம்ப்ளிஃபயர் 1, கோன் ஸ்பீக்கர் 2.
முன்பணம் இல்லை."
என் கையெழுத்துதான். அப்போது இவ்வளவு சாய்வு கிடையாது.

கங்காதரம் கப்பலில் சமையல் வேலைக்குப் போய்
வால்பரைசோ துறைமுகத்திலிருந்து ஒரு கேசட்டோடு திரும்பினான்.
லேபிள் உரிந்த கேசட்.
சிலி நாட்டுக்காரங்க, என்றான்.
மிளகாய் யாவாரிங்களா, என்றார் துளுக்காணம்.
மலைக்காற்று ஊதுகிற குழல், கரண்டில் கத்துகிற கிதார்,
நடுவே விலாசம் தப்பி வந்ததுபோல் ஒரு சாக்ஸபோன்.
ஒரு சொல் புரியவில்லை எங்களுக்கு.
டேப் சிக்கும்வரை கேட்டார்கள்,
பென்சில் விட்டுச் சுற்றி மறுபடியும்.

அவன் கிதார்.
கல்யாண பேண்டின் சிவப்புக் கோட்டைக் கழற்றாமலே
வந்து நின்ற ஏசுபாதம் சாக்ஸபோன்.
துளுக்காணம் பம்பை.
கங்கம்மா ஜாத்திரையில் அவர் அடிக்காமல்
யார் மேலும் அம்மன் வந்ததில்லை.
பாட்டு, சொர்ணா.
பகலில் எட்டுத் தறியில் அறுந்த இழை முடிகிறவள்.
தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாள்;
நகரியில் கடன் கேட்பதும் அப்படித்தான்.

சிக்கல் கரண்டில் இருந்தது.
கரண்ட் இருந்தால் தெரு முழுக்க விசைத்தறி,
கிதார் கங்காதரத்துக்கே கேட்காது.
கரண்ட் போனால் தறி நிற்கும், ஊர் காது திறக்கும்,
கிதார் செத்துப்போகும்.
ஆகவே பாட்டை இரண்டாக வெட்டினார்கள்.
வெளிச்சத்தில் தறியோடு முட்டி மோதுவது பாதி,
இருட்டில் பம்பையும் மூச்சும் மட்டும் மீதி.
எங்கே வெட்டு விழும் என்பது
மின்சார வாரியத்தின் கையில்.
பட்டணத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு
இதற்குப் பெயர் ஜாஸ் என்றார்.
அப்படியா என்றார் ஏசுபாதம்.

புத்தூர். பள்ளிப்பட்டு. ரேணிகுண்டா ரயில்வே காலனி,
அங்கே விடியும்வரை இறங்கவிடவில்லை.
பொதட்டூர்பேட்டையில் சினிமாப் பாட்டு கேட்டு
கல்லெறிந்தார்கள்; ஸ்பீக்கர் வாய் நசுங்கியது,
பழுது நூற்றிருபது, எழுதியிருக்கிறேன்.

பிறகு மெட்ராஸ் ஸ்டூடியோ.
பஞ்சு அடைத்த அறை. போகாத கரண்ட்.
மூன்று நாள்.
துளுக்காணத்துக்குத் தாளம் நிற்கவில்லை,
காதில் ஒன்றுமே ஓடலியே, என்றார்.
சொர்ணா இரண்டு முறை அறுந்தாள், முடிய ஆளில்லை.
கேசட் வரவில்லை.
திரும்பும் ரயிலில் கங்காதரமும் ஏசுபாதமும்
திருவாலங்காடு தாண்டியதும் பேச்சை நிறுத்தியவர்கள்
ஒரு வருஷம் தொடங்கவில்லை.

கடைசிக் கச்சேரி நகரியிலேயே, ஜாத்திரைத் திடலில்.
நாலாயிரம் பேர்.
அன்றைக்கென்று பார்த்து கரண்ட் போகவே இல்லை.
பத்து மணி. பதினொன்று.
முதல் பாதியையே நீட்டி நீட்டி
கங்காதரத்தின் விரலில் ரத்தம்.
சொர்ணா மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள்.
உதடு மட்டும்: பிடுங்கு.

இருபத்தாறு வருஷம் இந்தத் தொழிலில்
கரண்ட் போகாமல் காப்பதற்குத்தான் கூலி வாங்கினேன்.
பிடுங்கினேன்.

மேடை மட்டும் இருண்டது.
தெருவிளக்கு எரிந்தது, தொலைவில் தறிகள் ஓடின,
ஜனத்துக்குப் புரிந்துவிட்டது, யாரும் சிரிக்கவில்லை.
ஓடும் தறிமேல் பம்பை ஏறிற்று.
கிதாரை மடியில் கவிழ்த்து
அதன் முதுகில் தட்டினான் கங்காதரம்.
முதல் தடவையாக
இரண்டு பாதியும் ஒரே நேரத்தில்.

ஏசுபாதம் சிவப்புக் கோட்டுக்குத் திரும்பிவிட்டார்.
சொர்ணா திருப்பூரில். துளுக்காணம் இல்லை.
பாக்கியை நான் தள்ளுபடி செய்யவில்லை;
தள்ளினால் கோஷ்டி பெயரை அடிக்க வேண்டும்.
அந்த ஃபியூஸ் கட்டை மேசை டிராயரில் கிடக்கிறது.
வேறு ஒன்று போட்டுத்தான்
ஓட்டுகிறேன்.